நாய்க்குட்டியை இரவிற் பழக்குதல்

மனிதனோடு கூடி வாழ வந்த விலங்குகளுள் நாயே மூத்தது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆடும் பசுவும் கோழியும் நம்மை வந்தடையுமுன்னரே பல்லாயிரம் ஆண்டுகளாக நாய் நம் வாயிலிற் காவல் நின்றது. தமிழ் மக்களும் அதனை நன்கறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. ஆயினும், முற்றத்திற் காவல் நிற்கும் நாய்க்கு வெளியெல்லாம் இடமுண்டு. அறைக்குள் நம்மோடு உறங்கும் குருளைக்கோ, மலசலம் கழிக்கத் தக்க இடம் யாது, தகாத இடம் யாது என்பதை ஒருவர் கற்பித்தே தீரவேண்டும். அக்கல்வியில் மிகக் கடினமான பகுதி இரவில் நிகழ்வது. அதனைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

"கல்லூரிச் சஞ்சிகையில் எழுதத்தக்க விஷயமோ இது!" என்று நகைப்பாரும் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள்க. ஆசையோடு குட்டியை வாங்கி வருவோர் பலர். முதல் நாள் வீடெல்லாம் களிப்பு. இரண்டாம் வாரத்திலோ பாய் நனைகின்றது, உறக்கம் கெடுகின்றது, அண்டை வீட்டார் முகஞ் சுளிக்கின்றனர். மூன்றாம் வாரத்திற் குட்டி மாடிப்படியின் கீழே சங்கிலியிற் கட்டப்படுகின்றது. அதன் பின்னர் ஒரு நாள் இருட்டில் அதனைப் பெருஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் கொடுமையும் நிகழ்கின்றது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிட்டுச் செல்லுதல், 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். குற்றம் என்று அறிந்தும் அதனைச் செய்விப்பது பெரும்பாலும் உறக்கமிழந்தோரின் சலிப்பே. ஆகலின், சில வாரங்களுக்கு இரவில் ஒழுங்காக எழுந்து நடத்தும் ஒரு சிறு முயற்சியே, ஓர் உயிர் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் வீட்டில் வாழுமா, வீதியில் மாயுமா என்பதை நிச்சயிக்கின்றது எனலாம்.

தாம்பரத்தை விட்டுத் தெற்கே செல்லும் மின்சார ரயில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் ஆகியவற்றைக் கடந்து கூடுவாஞ்சேரியை அடைகின்றது. நந்திவரம் ஏரியும் வயலும் தோப்புமாக விளங்கிய அவ்வூர், 2021-ம் ஆண்டில் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆயிற்று. திண்ணையும் கொல்லையும் உடைய பழைய வீடுகளினிடையே அடுக்குமாடிக் குடியிருப்புக்கள் எழுந்துள்ளன. கொல்லையுள்ள வீட்டில் கதவைத் திறந்தாற் போதும். மூன்றாம் மாடியில் வாழ்வோர்க்கோ கதவுக்கும் மண்தரைக்கும் இடையே ஐம்பது படிகள் உள. எனவே பழைய தலைமுறையினர் எண்ணிப் பாராத இச்சங்கடம் இப்பொழுது நம்மவரைச் சூழ்ந்துள்ளது.

இனி, குட்டியின் இயல்பை ஆராய்வோம். பிறந்த குருளைக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கும் ஆற்றல் இல்லை. தாய் அதன் அடிவயிற்றை நக்கித் தூண்டினால் மாத்திரமே கழிவு வெளிப்படும். அதனைத் தாயே நக்கித் துடைத்துவிடும். ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் கண்ணும் காலும் தெளிந்தவுடன், குட்டி படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றது. எட்டாம் வாரத்தை அணுகும்பொழுது தனக்கெனச் சில இடங்களைத் தேர்ந்து கொள்கின்றது. அமெரிக்காவில் மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னுமிடத்தில் நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவரும் 1965-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குட்டிகளின் இவ்வளர்ச்சிப் படிகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. இதனாற் பெறப்படுவது யாது? உறங்குமிடத்தை அசுத்தப்படுத்தாமை நாய்க்கு இயற்கையிலேயே அமைந்த குணம். நாம் செய்யவேண்டுவதெல்லாம், 'உறங்குமிடம்' என்று அது கொள்ளும் சிறு எல்லையை மெல்ல மெல்ல வீடு முழுவதற்கும் விரித்தலேயாம்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என்று 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் தடை செய்கின்றன. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்கவேண்டியவற்றைக் கற்றபின்னரே அது நம்மிடம் வருதல் நன்று. குறுகிய கூண்டில் தன் கழிவின்மீதே படுத்துக் கிடக்குமாறு வளர்க்கப்பட்ட குட்டி, அவ்வியற்கைக் குணத்தை இழந்துவிடும். அதனைத் திருத்துதல் மிக அரிது. ஆதலின் குட்டியை வாங்குமுன் அது பிறந்த இடத்தை நேரிற் கண்டு, படுக்கையும் கழிக்குமிடமும் வெவ்வேறாக உளவா என்று பார்த்தல் வேண்டும்.

குணம் நல்லதாயினும் உடல் இடந்தருதல் வேண்டுமன்றோ? இரண்டு திங்கட் குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. அதனை அடக்கியாளும் தசைகளும் நரம்புகளும் முதிராதவை. பகலில் அது விழித்து விளையாடும்பொழுது, திங்கள் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரமே அதனால் தாங்கக்கூடிய பேரெல்லை என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. இரண்டு திங்கட் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்பது அக்கணக்கின் முடிவாயினும், உண்டவுடனும் உறங்கி எழுந்தவுடனும் விளையாடி முடித்தவுடனும் உடனே வெளியே கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. உணவு இரைப்பையில் விழுந்தவுடனே பெருங்குடல் அசையத் தொடங்கும் இயல்பு மனிதர்க்குரியது போலவே நாய்க்கும் உண்டு. இரவில் உறங்கும்பொழுது உடலில் சிறுநீர் ஊறுவது குறைகின்றது, அசைவும் இல்லை. ஆதலின் பகலிற் பொறுப்பதினும் சற்று மிகுதியாக இரவிற் பொறுக்கும். எனினும் எட்டு வாரக் குட்டி இரவு முழுதும் அடக்கிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு திங்களுக்குள் இரவு முழுதும் உறங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. சிறிய சாதிக் குட்டிகளுக்கு இன்னுஞ் சிறிது காலம் ஆதலும் உண்டு.

இவ்வியல்புகளை அறிந்தபின், செய்யவேண்டிய முறை தானே விளங்கும். முதலாவது, படுக்கையிடம். குட்டி எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கப் போதுமான அளவே அதற்கு இடம் வேண்டும். மிகப் பெரிய இடமாயின் ஒரு மூலையில் உறங்கி மறுமூலையில் கழித்துவிடும். காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டாயினும், பக்கம் உயர்ந்த மரப்பெட்டியாயினும் நன்று. உள்ளே பழைய வேட்டியையோ புடைவையையோ மடித்திடுக. நம் நாட்டு வெப்பத்தில் தடித்த மெத்தை ஆகாது. சங்கிலியிற் கட்டுதல் அறவே வேண்டா; கட்டுண்ட குட்டி கழிக்குமிடத்தைத் தேடிச் செல்ல இயலாமல் படுக்கையிலேயே கழித்துப் பழகும். அப்பெட்டியைக் கூடத்திலோ மாடிப்படியின் கீழோ வைக்காமல், நாம் படுக்கும் இடத்தின் அருகே வைத்தல் வேண்டும். தாயையும் உடன்பிறந்தவற்றையும் நேற்றுவரை அணைத்துறங்கிய சிற்றுயிர், நம் மூச்சின் ஒலியையேனும் கேட்டால் அமைதியுறும். அதன் அசைவையும் முனகலையும் நாமும் உடனே அறியலாம். பழகியபின் அப்பெட்டியை நாளுக்குச் சிறிது சிறிதாக விரும்பிய இடத்திற்கு நகர்த்திக் கொள்ளலாம்.

இரண்டாவது, மாலை ஒழுங்கு. கடைசி உணவைப் படுக்கைக்கு மூன்று மணி நேரத்திற்கு முன்னரே, நாள்தோறும் ஒரே வேளையில் கொடுத்துவிடுக. உண்ணும் வேளை ஒழுங்குபட்டால் கழிக்கும் வேளையும் ஒழுங்குபடும். தண்ணீரை மாலை முதலே மறைத்து வைக்கச் சிலர் சொல்லுவர். சித்திரை வைகாசி வெயிலில் நம் பக்கத்திலே அது கொடுமை. படுக்கப்போகும் சிறிது நேரத்திற்கு முன்னர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தல் போதும். இரைத்து வருந்தும் குட்டிக்கு அதுவும் வேண்டா. படுக்குமுன் அரைமணி நேரம் அமைதியாக இருக்கச் செய்து, இறுதியாக ஒருமுறை வெளியே கொண்டு சென்று, அது கழிக்கும்வரை பொறுமையுடன் நின்று திரும்புக.

மூன்றாவது, நள்ளிரவு. இரவு பத்து மணிக்குப் படுத்தால், எட்டு வாரக் குட்டிக்கு ஒரு மணிக்கும், மீண்டும் நான்கு அல்லது நாலரை மணிக்கும் எழுதல் வேண்டும். கைப்பேசியிலோ கடிகாரத்திலோ மணி வைத்துக்கொள்க. குட்டி கதறியபின் எழுவதைக் காட்டிலும் அது கதறுமுன் எழுதல் நன்று. ஏனெனில், 'கதறினால் வருவார்' என்னும் பாடத்தை அது கல்லாதிருக்கும். குட்டியைக் கையில் தூக்கிச் செல்க. நடக்க விட்டால் வாயிலை அடையுமுன்னரே கழித்துவிடும். ஒரே வழி, ஒரே இடம், ஒரே சொல் என்பதை விதியாகக் கொள்க. 'போ' என்றாலும் சரி, 'ஆகட்டும்' என்றாலும் சரி, வீட்டார் அனைவரும் அந்த ஒரு சொல்லையே வழங்குதல் வேண்டும். கழித்து முடிந்த கணமே மெல்லிய குரலிற் புகழ்ந்து, ஒரு சிறு தின்பண்டம் கொடுத்து, உடனே திரும்பிப் பெட்டியில் விடுக. விளக்கேற்றிக் கொஞ்சுதலும் விளையாடுதலும் ஆகா. இரவு என்பது கழித்து உறங்குவதற்கே உரியது என்று அது உணர்தல் வேண்டும்.

வெகுமதியைக் கழித்த கணமே கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவுக்கு முன்னே வழக்கமாகக் கேட்கும் ஒலிக்கே நாய் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். அடுத்தடுத்து நிகழும் இரண்டை நாய் பிணைத்துக் கொள்ளும். நெடிது இடையிட்டு நிகழ்வனவற்றைப் பிணைத்தல் அதற்கு அரிது. வீடு திரும்பியபின் அடுக்களையில் வைத்துத் தின்பண்டம் கொடுத்தால், அடுக்களைக்கு வந்ததற்கே அது கிடைத்தது என்று குட்டி கொள்ளும்.

ஒரு வாரம் இவ்வாறு நடந்து, பெட்டி ஈரமின்றி இருப்பின், நடுவே எழும் வேளையைக் கால்மணி நேரம் தள்ளி வைக்கலாம். மூன்று நாள் ஈரமின்றி இருப்பின் இன்னுங் கால்மணி. இரண்டு முறை எழுந்தது ஒருமுறையாகும்; மூன்று திங்கள் நிரம்பும்பொழுது இரண்டு மணியளவில் ஒருமுறை எழுவதே பெரும்பாலும் போதும். எந்நாளேனும் பெட்டி நனைந்தால், விரைந்துவிட்டோம் என்று கொண்டு, முந்தின வேளைக்கே திரும்புக.

குட்டி இரவில் அழுதால் யாது செய்வது? அழுகை இருவகைப்படும். படுத்தவுடன் எழும் நீண்ட ஊளை, தனிமையின் அழுகை. பெட்டியின் விளிம்பிற் கையை வைத்தாலே அது தணியும். நன்கு உறங்கியபின் திடீரென எழுந்து, சுழன்று, தரையை முகர்ந்து, குறுகக் குறுக முனகுதல் இயற்கை உபாதையின் அறிகுறி. அதற்கு ஒரு நிமிடமுந் தாழ்த்தலாகாது. 'அழுது அழுது ஓயட்டும்' என்று விட்டுவிடுவார், படுக்கையை நனைப்பதையே அதற்குக் கற்பிக்கின்றனர்.

இனி இடத்தைப் பற்றிக் கூறுவோம். தெருவில் இறக்கிவிடுதல் எளிதாயினும் இளங்குட்டிக்கு அஃது ஆபத்து. 1978-ம் ஆண்டில் முதன்முதல் அறியப்பட்டு உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நச்சுயிர், நோயுற்ற நாயின் மலத்தோடு மண்ணிற் கலந்து பல திங்கள் அழியாதிருக்கும். அது கடும் வாந்தியும் இரத்தப் பேதியும் உண்டாக்கி இளங்குட்டிகளை மாய்க்கும். இந்நோய்க்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் ஆகும்வரை இடுவது மருத்துவர் வழக்கம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று திங்கள் அளவில் இடப்படும். இவை முடியும்வரை பிற நாய்கள் புகாத சொந்தக் கொல்லையோ, மொட்டைமாடியோ, பால்கனியில் வைத்த மண்தட்டோ தான் தக்க இடம். மாடி வீட்டார், அகன்ற தட்டு ஒன்றில் மண்ணையோ புற்பத்தையையோ இட்டு வைத்தல் நலம். செய்தித்தாளிற் பழகிய குட்டி பின்னர் மேசையிலிருந்து விழும் தாள்களை எல்லாம் தனக்கென்றே கருதும். மண்ணிற் பழகிய குட்டியோ தடுப்பூசி முடிந்தபின் எளிதாகத் தரைக்கு இறங்கும்.

கொல்லையுள்ளவர் வேறொன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வண்டலூர் காட்டையும் ஏரிக்கரைகளையும் அடுத்த இப்பக்கத்தில் பாம்புகள் உண்டு. கட்டுவிரியன் இரவில் உலவுவது. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டில் இரை தேடுவது. ஆகவே கையில் விளக்கும் காலிற் செருப்புமின்றி இறங்கற்க. விளக்கைத் தரையிற் பாய்ச்சி இடத்தை நோக்கியபின்னரே குட்டியை விடுக. ஐப்பசி கார்த்திகை மழையிலோ தொல்லை இரட்டிக்கும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் அதனை அடுத்த பகுதிகளும் நீரில் மூழ்கியதை யாவரும் அறிவர். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து, எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதர்க்கும் வரும். ஆதலின் மழைக்காலத்திற் குட்டியை வாங்குவோர், கூரையுள்ள ஒரு மூலையில் மணலிட்ட தட்டை முன்னரே ஆயத்தஞ் செய்க.

எத்துணைக் கருத்தாக இருந்தாலும் தரை நனைதல் உண்டு. அப்பொழுது குட்டியின் மூக்கை அதிலே தேய்ப்பதும் அடிப்பதும் நம்மூரில் நெடுநாளைய வழக்கம். இஃது அறியாமையின் விளைவு. சென்ற நிமிடத்துச் செயலுக்கும் இப்பொழுது விழும் அடிக்கும் உள்ள தொடர்பைக் குட்டி அறியாது. 'இவர் காணக் கழித்தல் ஆபத்து' என்பதை மாத்திரம் நன்கறியும். அதன்பின் கட்டிலின் கீழும் அலமாரியின் பின்னும் ஒளிந்து கழிக்கும். வெளியே கொண்டு சென்றாலும் நம் முன்னே கழிக்க அஞ்சும். இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2004-ம் ஆண்டில் ஹைபி, ரூனி, பிராட்ஷா என்போர் வெளியிட்ட ஆராய்ச்சி, பரிசளித்துப் பழக்கிய நாய்கள் கீழ்ப்படிதலில் மேம்பட்டனவென்றும், தண்டித்துப் பழக்குதலோடு தீய பழக்கங்களின் மிகுதி சேர்ந்தே காணப்பட்டதென்றும் கூறுகின்றது. குட்டி கழித்துக் கொண்டிருக்கும்பொழுதே காண நேர்ந்தால், கையைத் தட்டி நிறுத்தித் தூக்கிச் சென்று உரிய இடத்தில் விடுக. பிந்திக் கண்டால் வாய் பேசாது துடைத்துவிடுக.

துடைப்பதற்கும் முறையுண்டு. நம் மூக்கிற்கு நாற்றம் நீங்கினாலும் நாயின் மூக்கிற்கு நீங்காது. பழைய மணம் உள்ள இடத்திற்கே மீண்டும் செல்லும். முதலிற் பழந்துணியால் ஒற்றியெடுத்து, சோப்பு நீரால் கழுவி, பின்னர்ப் பிராணிகளுக்குரிய கடைகளில் விற்கும் நொதிக் கரைசலை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிடுக. அந்நொதிகள் சிறுநீரின் மணப்பொருள்களைச் சிதைக்கும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் மணத்தையே ஒத்தலின் அவை வேண்டா. பினாயில் மணத்தை மறைக்குமேயன்றி நீக்காது. மேலும், தரையை நக்கும் குட்டிக்கு அது நஞ்சு.

நன்கு பழகிய குட்டி திடீரென இரவில் மீண்டும் மீண்டும் நனைத்தாலோ, துளித்துளியாகக் கழித்தாலோ, சிறுநீரில் இரத்தம் காணப்பட்டாலோ, அளவின்றித் தண்ணீர் குடித்தாலோ, அதனைப் பழக்கக் குறையென்று கருதாது கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சிறுநீர்ப்பையில் நோய்க்கிருமி தங்குதல் பெண்குட்டிகளிடை மிகுதி. சென்னை வேப்பேரியில் 1903-ம் ஆண்டில் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் நாய் பூனைகளுக்கு மருத்துவம் செய்து வருகின்றது.

நம் நாட்டு நாய்களைப் பற்றியும் ஒரு சொல். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன தமிழ்நாட்டிற்கே உரிய சாதிகள். 2005-ம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. 'இவை வேட்டை நாய்கள். வீட்டுக்குள் பழகா' என்று சொல்லுதல் பொருந்தாது. மேலே கூறிய இயற்கைக் குணம் எச்சாதிக்கும் பொது. தெருவிற் பிறந்த குட்டிக்கும் அது குறைவின்றி உண்டு. ஆனால் வெண்ணிற இராசபாளையக் குட்டிகளுட் சில பிறவியிலேயே செவிடாதல் உண்டு. அழைத்தும் திரும்பாத குட்டியைப் பிடிவாதமுடையதென்று வெறுக்காது, சொல்லுக்குப் பதிலாகக் கையசைவைப் பழக்குக. இரவில் தோளை மெல்லத் தொட்டு எழுப்புக.

இறுதியாக, யார் எழுவது என்னும் வினா. பல வீடுகளில் மகன் ஆசைப்பட்டுக் குட்டியை வாங்குவான். நள்ளிரவில் எழுபவர் தாயாராகவே இருப்பார். பகலெல்லாம் அடுக்களையில் உழைத்தவர் தலையில் இரவையும் சுமத்துதல் முறையன்று. நள்ளிரவு முறையை ஒருவரும் விடியற்கால முறையை மற்றொருவருமாகப் பகிர்ந்து கொள்ளுதல் வேண்டும். பரீட்சைக் காலத்திற் குட்டியை வாங்கற்க. விடியற்காலை ரயிலைப் பிடிக்கும் மாணவர், நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில் வாங்குவாராயின், கல்லூரி திறக்குமுன் பாடம் பெரும்பகுதி முற்றுப்பெறும். வீட்டில் யாரும் இரவில் எழ இசையாராயின், குட்டியை விட்டு, இரவு முழுதும் அடக்கத் தெரிந்த வளர்ந்த நாய் ஒன்றை ஏற்றுக்கொள்ளுதலே அறிவுடைமை. அத்தகைய நாய்களுள் எத்தனையோ புகலின்றி இருக்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்பின், இம்முயற்சிக்கு வேண்டுவது எட்டு அல்லது பத்து வாரங்கள். இரவிற் பத்து நிமிடமாக ஒருமுறையோ இருமுறையோ எழுதல். நாள்தோறும் குறித்த வேளையில் தவறாது எழுவோமாயின், வாய்பேசாத அவ்வுயிர் நம் வீட்டின் விதியைத் தானே கற்றுக்கொள்ளும். ஒரு நாள் இரண்டு மணிக்கு மணியடிக்க, நாம் எழுந்து நோக்குங்கால், குட்டி எழாது அயர்ந்துறங்கும். பெட்டி உலர்ந்திருக்கும். அன்று முதல் மணி வைத்தலை நிறுத்திவிடலாம்.